வாடகைப் பதிவேடு

தென்னாப்பிரிக்காவில் பனிச்சறுக்கா என்று
டர்பனில் கேட்பவர்களுக்குப்
பதில் சொல்லிச் சலித்தவள் நான்.
இருக்கிறது. பார்க்லி ஈஸ்டுக்கு மேலே
கார் மூச்சு வாங்கும் கணவாய் தாண்டி
ஆடி மாதத்தில் வெள்ளையாகும் ஒரு சரிவு.
வானம் கைவிரித்த ஆண்டுகளில்
தொட்டி நீரை இரவெல்லாம் எந்திரத்தில் ஊதி
நாங்களே பெய்விப்போம்.

அதன் அடிவாரத்தில் என் மேசை.
காலணி, ஸ்கீ பலகை, பனிக்கண்ணாடி.
எடுத்தவர் பெயர், எண், முன்பணம்,
திருப்பிய தேதி.
பதினோரு குளிர்காலமும் என் கையெழுத்துதான்.

மார்ச் கடைசியில் நாட்டைப் பூட்டினார்கள்.
மெழுகு பூசிய பலகைகள் சுவரோரம் நின்றன,
நின்றுபோன கல்யாணத்து
வாழைமரங்கள் மாதிரி.

விடுதிக்கார ஹென்னி பாதிச் சம்பளம் என்றார்.
அடுத்த மாதம் அதுவும் இல்லை என்றார்.
அதற்கு மறுநாள் குளிர்பதன அறையைத் திறந்து
எல்லாம் வெளியே எடுங்கள் என்றார்:
ஆட்டிறைச்சி, பட்டாணி,
ஜெர்மன்காரர்களுக்கென்று வாங்கிய
பெயர் தெரியாத மீன்.
கருணையா, கட்ட முடியாத மின்கட்டணமா,
நான் கேட்கவில்லை.
பசித்தவர்களும் கேட்கவில்லை.

சிஸ்டர் நோசிபிவோ வந்தாள்.
பிளாஸ்டிக் கோப்புறையை வெட்டி
முகத்தில் ரப்பர் நாடாவால் கட்டியிருந்தாள்.
"மலையில் போடும் கண்ணாடி இருக்காமே?"
அறுபத்தொன்று இருந்தன.
சோப்பில் கழுவி, காற்றுத் துளைகளை டேப்பால் அடைத்து
எழுதிக்கொண்டேன்.
எடுத்தவர்: ஆஸ்பத்திரி. முன்பணம்: ஒரு கோடு.
ஆரஞ்சு ஒன்றே ஒன்று, அதை அவளே எடுத்துக்கொண்டாள்.
பிறகு அந்த வார்டில்
யாருக்கும் முகமில்லை, நிறம்தான்.
காய்ச்சலில் கிடந்தவர்கள் கூப்பிட்டார்கள்:
ஆரஞ்சு சிஸ்டர், தண்ணீர்.
நீல டாக்டர், என் மகளுக்கு ஒரு போன்.

உதவித்தொகை வரிசை
தபால் நிலையத்தைச் சுற்றி வளைந்தது.
ஒன்றரை மீட்டர் தள்ளி நில் என்றது அரசு.
யாரிடம் அளவுகோல்?
டெபோஹோ லாரி நிறையப் பலகைகள் கொண்டுவந்து
நீளவாக்கில் தரையில் பரப்பினான்.
நூற்றறுபது சென்டிமீட்டர்,
அரசு கேட்டதற்குப் பத்து கூட.
நுனிக்கு ஒருவராக நின்றார்கள்.
முதுகில் குழந்தை கட்டிய ஒருத்தி
பலகையைக் காலால் தட்டி,
"இதில் ஏறித்தான் விழுவார்களா?
காசும் கொடுத்தா?" என்றாள்.
வரிசை முழுக்க முகக்கவசங்கள் குலுங்கின.

பனி ஊதும் தொட்டியில் இந்த முறை குடிநீர்.
குழாய் எட்டாத மேட்டுத் தெருவுக்கு
செவ்வாய், வெள்ளி.

ஆடி பிறந்தது.
எந்திரம் வேண்டாத பனி, முழங்கால் ஆழம்,
சறுக்க ஒரு ஆள் இல்லை.
சாட்ஸ்வொர்த்திலிருந்து தம்பி பூபாலன் பேசினான்:
கோயில் பூட்டிக்கிடக்குதக்கா,
இந்த வருஷம் மாரியம்மனுக்குக் கூழ் இல்லை.
அவளை வேண்டிக்கொள்ளவேண்டிய நேரத்திலா
கதவைச் சாத்துவது?
நான் எண்பது லிட்டர்ப் பானையில்
மக்காச்சோள மாவைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.
கட்டி தட்டக் கூடாது. கை ஓயக் கூடாது.
"என்ன சத்தம்?" என்றான்.
கரண்டி, என்றேன்.
வேப்பிலை இல்லை. வெங்காயம் இருந்தது.

செப்டம்பரில் கண்ணாடிகள் திரும்பின.
ஐம்பத்தெட்டு.
ஒன்றை ஆஸ்பத்திரித் தோட்டத்தில்
டெபோஹோ கண்டெடுத்தான்.
ஒன்று உடைந்ததாகச் சீட்டு.
ஆரஞ்சு வரவில்லை.
எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும்.
ஐம்பது பேருக்கு மேல் கூடாதென்ற அடக்கத்தில்
மீதிப் பேர் வேலிக்கு வெளியே
பலகை நீளம் விட்டு விட்டு நின்றோம்.
அன்று யாரும் பலகை கொண்டுவரவில்லை.
கால்களுக்கே அளவு தெரிந்திருந்தது.

பதிவேட்டில் ஒரு வரியில் மட்டும்
திருப்பிய தேதி காலி.
கணக்கை முடி, ரூக்மணி, என்கிறார் ஹென்னி.
பேனா உறைந்திருக்கிறது என்கிறேன்.

அடுத்த குளிர்காலம்
கேப் டவுனிலிருந்து ஒரு குடும்பம்.
பையன் கண்ணாடி நாடாவைத் திருப்பிப் பார்த்து
"வார்டு மூன்றுன்னு எழுதியிருக்கு" என்றான்.
வேறு தரட்டுமா என்று நிமிர்ந்தேன்.
மாட்டிக்கொண்டு ஓடியிருந்தான்
சரிவைப் பார்க்க.