பதினொன்று இருபது

அலஸ்தோட்டத்தில், கடல் பார்த்த ஹோட்டல் ஒன்றுக்கு
இரவுக் காவல் நான்.
மதிலில் நான்கு பெரிய லைற்.
சுண்ணாம்பு கொட்டினதுபோல மணல் வெளுத்துக் கிடக்கும்
விடியும்வரை.

மதிலுக்கு அப்பால் பெனடிற்றாவின் புடலம்பந்தல்.

"உன்ர லைற்றால எனக்குக் காய் இல்லை" என்றாள்
ஒரு திங்கட்கிழமை, படலையைத் திறக்காமலே.
சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்தாள்:
பச்சை போய் மஞ்சளாகி
வால் சுருண்ட ஏழு பிஞ்சுகள்.

அன்றிரவுதான் விளக்கடியை நிமிர்ந்து பார்த்தேன்.
விட்டில்கள்.
சுற்றிச் சுற்றிக் கண்ணாடியில் முட்டி
சூட்டில் விழுகின்றன.
விடியப்புறம் நான் கூட்டி அள்ளுவது
இத்தனை நாளும் குப்பை என்றுதான்.

மகளின் பத்தாம் ஆண்டுப் புத்தகத்தில் தேடினேன்.
(என் காலத்தில் பூவைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு
மின்சுற்று எழுதினவன் நான்.)

புடலை இருட்டுக்குப் பூக்கிற கொடி.
நூலைப் பிரித்து உதறிய இதழோரம்;
அந்த வெள்ளையும் மணமும் நமக்கல்ல.
ஆண்பூ ஒரு காம்பில் கொத்தாக,
ஒன்று உதிர ஒன்று விரியும்.
பெண்பூ தனி. அதன் அடியில், பூக்க முன்னமே,
காயின் உருவம் இருக்கிறது.
சூலகம். உள்ளே வரிசையில் சூல்வித்துகள்.
உருவம் மட்டும்தான்.
யாரும் தூள் கொண்டு வராவிட்டால்
இரண்டொரு நாளில் மஞ்சள்.

லைற்றை அணைத்தால் மனேஜருக்குத் தெரியும்.
பின்மதிலுக்குக் கமரா இல்லை.
பதினொன்று இருபதுக்கு, ரோந்து நேரத்தில், ஏறிக் குதித்தேன்.
போனை வாயில் கவ்விக்கொண்டு
ஆண்பூவொன்றைப் பறித்து, இதழை உரித்து
மிஞ்சின மஞ்சளைப்
பெண்பூவின் குறியில் தொட்டேன்.
ஒட்டிக்கொண்டது. பசை.
கை நடுங்கி ஒன்றின் கழுத்தை முறித்தும் விட்டேன்.

திரும்பி வந்து கதிரையில் இருந்து யோசித்தேன்:
இப்போது ஒரு மணியிலிருந்து குழாயொன்று முளைத்து
தம்பத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்,
கண்ணில்லாமல், வழி கேளாமல்.
ஒரு விதைக்கு ஒரு மணி.
அடுத்த விதைக்கு வேறொன்று.
இதில் கைமாற்று இல்லை.
துறைமுகத்தில் கப்பல் ஊதியது.
குழாய் நின்றிருக்காது.

அந்தக் கிழமை பதினொரு பூ தொட்டேன். நாலு பிடித்தது.
நாலுக்கும் வாலில் கல் கட்டித் தொங்கவிட்டாள் பெனடிற்றா,
வளையாமல் நீளட்டும் என்று.
"விட்டில் திரும்பி வந்திட்டுது, பாத்தியா?"
ஓம் என்றேன்.

பதிவுப் புத்தகத்தில் அந்த இரவுகளுக்கு நேரே
என் கையெழுத்தில் ஒரே வசனம்:
எல்லாம் வழமை.
ஓரத்தில் மஞ்சள் கறை.
மனேஜர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு
கறி தின்ற கையை
கழுவிப்போட்டு எழுதச் சொன்னார்.