அணைத்த பிறகு

அணைத்த விளக்குதான் மினுக்கியது.
எரியும்போது அதனிடம் ஒரு குறையுமில்லை.
சாப்பாட்டு மேசைக்கு மேல்
பித்தளைக் கூண்டுக்குள் தொங்கியபடி
ஜிஎஸ்டி பில்களின் ஆறையும் எட்டையும்
பிசகாமல் காட்டும்.
சுவிட்சைத் தட்டிவிட்டுப் படுத்தால்
ஏழு எண்ணுவதற்குள் ஒரு வெட்டு.
மறுபடி ஏழு.
சில சமயம் ஒன்பது.

முதலில் பல்பைச் சந்தேகப்பட்டேன்,
எல்லாரும் செய்வதுதான்.
பழவந்தாங்கல் சப்வேக்கு அந்தப் பக்கக் கடையில்
நூற்றுப் பத்து ரூபாய், ஒரு வருட வாரண்டி,
அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து.
புதுசும் மினுக்கியது,
இன்னும் சுறுசுறுப்பாக.

பிறகு ரயில்.
கடைசி பீச் வண்டி போகையில்
கம்பியில் நீலமாகப் பொறி தெறிக்கும்.
அதற்கு இது பங்காளியோ என்று
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
வண்டி போய் வெகுநேரமாகியும்
இது தன் கணக்கை விடவில்லை.

பிரிட்ஜைப் பிடுங்கிப் பார்த்தேன். பால் திரிந்தது.
வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.
'லைட்டு நீங்க மாட்டினதும்மா,
சுவிட்சு மட்டும்தான் என்னோடது.
அது நல்ல கம்பெனி' என்றார்.
மதியழகனிடம் சொன்னேன்.
'ம்' என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கிவிட்டு
மேசை மேல் ஏறினேன்.
கூண்டுக்குள் ஈசல் இறகுகள், ஒரு கொசு.
ஹோல்டரின் நாக்கை நிமிர்த்தினேன்,
திருகுகளை இன்னொரு கால் சுற்று இறுக்கினேன்.
கழுத்து வலித்ததுதான் மிச்சம்.
ராத்திரி, ஏழுக்கு வந்துவிட்டது.

எபினேசர் திருவள்ளூரில் ஏதோ மண்டபத்தில்
சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தான்.
மேளத்துக்கு நடுவே கத்தினான்:
'அக்கா, சுவிட்சுல செவப்பா ஒரு புள்ளி எரியுதா?'
எரிந்தது.
இருட்டில் சுவரைத் தடவாமல் இருக்க
மிளகளவு வெளிச்சம்.
'அது எரியணும்னா கரண்டு எங்கயாவது போயாவணும்ல,
உங்க பல்பு வழியாத்தான் போவுது.
சொட்டு சொட்டா.
கொடம் ரொம்பினா ஒருவாட்டி வழிஞ்சிரும்,
அவ்ளோதாங்க்கா மேட்டரு.'

குடம் என்றதும் புரிந்துவிட்டது.
மெட்ரோ தண்ணீர் வராத நாட்களில்
குழாயடியில் அப்படித்தானே காத்திருக்கிறோம்.

சிவப்பைப் பிடுங்கிவிடலாம் என்றான்.
மனசில்லை.
மீனம்பாக்கத்தில் கார்கோ ஷிப்ட் முடித்து
மூன்றரைக்குக் கதவைத் திறக்கும் ஆளுக்கு
இந்த வீட்டில் விழித்திருப்பது
அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு வழி, கெப்பாசிட்டர்.
ரிச்சி தெருவில் எட்டு ரூபாய்.
போக வர ரயிலுக்குப் பத்து.
சோளப்பொரி போல மஞ்சளாக ஒரு சின்ன டப்பா,
இரண்டு கால்.
மறுபடியும் மெயின், மறுபடியும் மேசை.
டெஸ்டரை இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு
விளக்கின் இரு கம்பிக்கும் குறுக்கே கட்டி
டேப் சுற்றினேன்.

அன்றைக்கு ஏழு எண்ணினேன். ஒன்பது. நாற்பது.
நூற்றுப் பதினெட்டுவரை ஞாபகம் இருக்கிறது.

சாவி திரும்பும் சத்தத்தோடு
பெரிதாக மூச்சிரைக்கும் சத்தமும் வந்தது.
'லிஃப்ட் ஓடலையா?'
'தெரில. ஏறல.
கீழருந்து பாத்தேன், நம்ம ஜன்னல் வெட்டல.
பில்டிங்குல கரண்டு இல்லபோலன்னு
நாலு மாடியும் நடந்தே வந்துட்டேன்.'

தேடாமல் சுவிட்சைத் தட்டினான்.
சட்டையெல்லாம் நனைந்திருந்தது.
செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
விளக்கை அண்ணாந்து பார்த்தான்.

'ஏழு செகண்டுக்கு ஒருவாட்டி வெட்டுமே' என்றான்.
'சில சமயம் ஒன்பது' என்றேன்.