டேமேஜ் ரிப்போர்ட், பத்தி ஏழு

மணலி யார்டில் இரவு இரண்டேகால்.
கண்டெய்னர் கதவைத் திறந்ததும்
மூக்கில் அடித்தது.
எண்பது டிரம். மூன்றாம் வரிசையில் ஒன்று
வயிறு நசுங்கி நிற்கிறது.
அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

பத்தி ஏழு கேட்கிறது:
சரக்கின் நிலை. ஆங்கிலத்தில். ஒரே வார்த்தை.

லீக்கிங் என்று எழுதினால்
ஒழுக்கு இப்போது நடக்கிறது,
இந்த ஷிப்டில், என் கையெழுத்துக்கு மேலே.
கேட்டை மூடணும், மணல் கொட்டணும்,
தீயணைப்புக்குச் சொல்லணும்.
லீக்டு என்றால்
முடிந்துபோன சங்கதி.
கப்பலிலோ, துறைமுகத்திலோ, எண்ணூர் ரோட்டுப் பள்ளத்திலோ
யாரோ ஒருத்தன் தலையில்.

"டு போட்டு முடிம்மா" என்கிறார் குப்புராஜ் சார்.
"இன்னா கீது இதுல,
வாலுதானே."

வாலுதான்.
தண்டையார்பேட்டையில் எட்டாவது படிக்கையில்
ஐ யாம் போரிங் என்று எழுதிவைத்தேன்.
எனக்குச் சலிப்பு என்று சொல்ல நினைத்தது
சலிப்பே நான் என்று ஆகிவிட்டது.
வகுப்பே சிரித்தது.
டீச்சர் சிவப்பு மையில் வாலை நறுக்கி
வேறு வால் ஒட்டினார்.
அன்றிலிருந்து
செய்வதற்கும் படுவதற்கும் நடுவில்
ஒரு நொடி நின்றுதான் போகிறேன்.

தமிழில் என்றால்
ஒழுகுபீப்பாய் என்று எழுதிவிட்டு
டீ குடிக்கப் போயிருப்பேன்.
ஒழுகிய, ஒழுகுகிற, ஒழுகும்:
மூன்று காலத்தையும் விழுங்கிவிட்டு
வாய் திறக்காது வினைத்தொகை.
ஊறுகாயை யாராவது கேட்டதுண்டா,
ஊறியாச்சா, இன்னும் ஊறுதா என்று?
இந்த ஃபாரத்தில் அதற்கு இடமில்லை.

மஸ்தான் பாய் பிஸ்கட் அட்டையைக் கிழித்துத் தருகிறார்.
டிரம்முக்கு அடியில் வைத்து
டார்ச் பிடித்துக் குந்துகிறேன்.
முப்பது எண்ணியாயிற்று. ஒன்றுமில்லை.
அறுபது. குப்புராஜ் சார் வாட்சைத் தட்டுகிறார்.
வெளியே வரிசையில் ஒரு லாரி ஹாரன்,
அதற்கு இன்னொன்று.
பேனா தானாகவே டு பக்கம் சாய்கிறது.
நூற்றுப் பதினான்கில்
தகரத்தின் மடிப்பில் ஒன்று திரண்டு,
கனத்து,
அட்டையில் சொட்டியது.

சொட்டியது என்று இப்போது சொல்கிறேன்.
எழுதியது லீக்கிங்.

கீழே, என் பெயர் வரும் கோட்டுக்கு முன்னால்
சைன்டு பை என்று அச்சிட்டிருந்தது,
பேனாவை நான் எடுக்கும் முன்பே
போட்டு முடித்தாயிற்று என்பதுபோல.

காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.