பதினைந்து அட்டை

கரடிப்போக்குச் சந்திக்கு இந்தப் பக்கம்
கண்டி வீதியோரம் எங்கள் கிளை.
கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம்
வெளியே அடிக்கும் குளிரில்
செம்புழுதி வாசலோடு நின்று தயங்கும்.

சாவிக்கொத்து என்னிடம்.
பெட்டகத்தின் இலக்கம் முகாமையாளரிடம்.
இரண்டுக்கும் நடுவே என் சம்பளம்.

பாண் வந்ததா, தயிர்ச்சட்டி உடைந்ததா,
நேற்றைய வெண்டிக்காய்க்குப் பாதி விலை ஒட்டலாமா,
யதுர்சிகாவின் கல்லாவில் நாற்பது ரூபா குறைந்தால்
யாருடைய பொக்கற்றிலிருந்து,
எல்லாவற்றுக்கும் நான்.
குளியாப்பிட்டியிலிருந்து வந்த நிஷாந்த சேர் நல்ல மனுசன்.
அவருக்குத் தெரிந்த தமிழ்
எவ்வளவு, இல்லை, நாளைக்கு.
கடை நடத்த அது காணும்.

இந்த மாதம் தலைமையகம் சொன்னது:
நாளொன்றுக்குப் பதினைந்து புள்ளி அட்டை
புதிதாய்ச் சேர்க்க வேண்டும்.

பால்மா அடுக்கடியில் ஒரு அக்கா
என் சட்டையில் குத்திய பெயர்ப்பட்டியை
எழுத்துக் கூட்டினா.
"உதவி... முகாம்..."
மிச்ச எழுத்துக்குப் போகவில்லை.
"எந்த நிறுவனம் தம்பி? பதிவோ?
நான் குடும்ப அட்டை கொண்டுவரேல்லையே."

இரண்டு வருசமாய்க் குத்திக்கொண்டு திரிகிறேன்.
செட்டிகுளத்தில் பத்து வயதில்
வாளியோடு வரிசை நின்றவன்தான் நானும்.
என் கண்ணில் அது படவேயில்லை.

"இல்லை அக்கா, இது கடை அட்டை.
நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி."
பெயர் தவமலர்.
ஊர் விசுவமடு.
தொலைபேசி, பக்கத்து வீட்டு இலக்கம்.
குடும்பத்தில் எத்தனை பேர்?

"எப்பத்தையக் கணக்கு தம்பி?"

பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.
ஒரு பிள்ளை சொக்லேட்டுக்குக் குழறியது.
கரண்ட் போய், ஜெனரேட்டர் தும்மி எழும்பியது.
அவ விரல் மடித்தா.
ஒரு கை முடிந்து மற்றக் கைக்குப் போனா.
பிறகு இரண்டையும் விரித்து
பையின் காதைப் பிடித்துக்கொண்டா.
"அதை விடுங்கோ."

விட்டேன்.

இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப்
படிவங்களைக் கணினியில் ஏற்றினேன்.
பதினாலும் ஏறின.
பதினைந்தாவதில் அந்தக் கட்டத்துக்குள்
கோடு துடித்துக்கொண்டே நின்றது,
நானும் நின்றேன்.
நிஷாந்த சேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
வெறுமனே தட்டு என்று விரலால் காட்டினார்.
தட்டினேன்.
கணினி தானாகவே
ஒன்று என்று போட்டது.

"ஹரி, பதினைந்து" என்று
பெட்டகம் பூட்டப் போனார்.

செவ்வாய்க்கிழமை வந்தா.
அரைக்கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம்.
யதுர்சிகா அட்டையை உரசினாள்.
மூன்று புள்ளி.
"இதுக்கு என்ன தருவியள்?"
"நூறு வரட்டும் அக்கா" என்றுவிட்டு
வெண்டிக்காய்க்கு விலை ஒட்டப் போனேன்.