காலி எடை

மேலூர் தாண்டி, நாலுவழிச் சாலையை விட்டுப்
பிரிகிற செம்மண் தடத்தில்
எடைமேடைக் கூண்டு. அதில் என் வேலை.
வண்டி முதலில் காலியாக ஏற வேண்டும்.
இல்லாததை எழுதிய பிறகுதான்
இருப்பதற்கு எடை.
முதலாளி எத்தனையோ கணக்குக் கேட்டிருக்கிறார்,
இந்த முதல் வரியை மட்டும் படித்ததில்லை.

பதினோரு வருஷம்
ஒரு மலையைச் சீட்டுச் சீட்டாகக்
கிழித்துக் கொடுத்தேன்.
கடைசிக் கல் போன அன்று
மலை இருந்த உயரத்துக்கு
ஆழம் இருந்தது.

தடை உத்தரவு வந்து வெடிச்சத்தம் நின்றது.
ரெண்டு ஐப்பசி.
யாரும் கூப்பிடாமல் தண்ணீர் வந்து
அதில் படுத்துக்கொண்டது.
வெட்டினது யார் என்று கேட்கவில்லை,
பள்ளம் எது என்று மட்டும் கேட்டிருக்கும்.
மீன்கொத்தி வந்தது.
வெடி வைக்கத் துளைத்த ஓட்டையில் ஒரு செடி,
மூக்குத்தி அளவு வெள்ளைப் பூ.
துவைக்க வந்த சிட்டம்மா
"பெத்த வயிறு மாதிரி கெடக்குடி" என்றாள்,
சோப்பை ஒடித்துப் பாதியை எனக்குத் தந்தாள்.

பிறகு முதலாளிக்கு அதுவும் தெரிந்துவிட்டது.

இப்போது டேங்கர்கள்,
ராத்திரி பகலாய் மதுரைக்கு.
காலி எடை, நிறை எடை, சீட்டு.
விடிந்து பார்த்தால் குழியில் அதே மட்டம்.
"வத்தாதும்மா இவ" என்று
டிரைவர் இருளப்பன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.
சிட்டம்மா கிணற்றில்
கயிறு மூணு முழம் கூடியிருக்கிறது.
தானாய் இறங்கித் தருவதற்கும்
உறிஞ்சப்படுவதற்கும் நடுவில் இருப்பதை
அடிக்க என் கீபோர்டில் பட்டன் இல்லை.

நேற்று, அழகர்மலைப் பக்கம் மின்னிக்கொண்டிருக்க,
வண்டி வராத ஒரு அரைமணி.
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன்.
நான் நாற்பத்தேழு கிலோ,
ஜி.எச்.சில் போன வாரம் பார்த்தது.
சிவப்பு எழுத்து நாற்பது என்றது.
இருபது இருபதாய்த்தான் அதற்கு எண்ண வரும்.

ஏழு கிலோ நான்
எந்தச் சீட்டிலும் இல்லை.
தும்பி இல்லை, தவளை இல்லை,
சிட்டம்மாவின் பாதி சோப்பு இல்லை.

அந்த ஏழு கிலோவோடு
குழிக்குள் இறங்கிப்போய்க் கால் வைத்தேன்.
தண்ணீர் விலகி இடம் தந்தது,
என் கால் அளவுக்கு,
கூட ஒரு சொட்டு இல்லாமல்.

மேலே ஹாரன்.
காலி வண்டி ஒன்று
எழுதச் சொல்லி நிற்கிறது.