திரும்ப நுழைய முடியாத கதவு

மணிக்கு ஒரு நிமிடம் போதுமாம்.
மனிதவளப் பிரிவு பெர்னிஸ்
மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்
ஓடுகிற பச்சை மனிதன் படம் போட்டு.
அதே மனிதன்தான்
தீவெளியேற்றக் கதவின் மேலும் ஓடுகிறான்,
பதினோரு வருடமாக,
இருந்த இடத்திலேயே.

செசில் ஸ்திரீட், பதினேழாம் மாடி.
ஒன்பது மணியிலிருந்து
கெட்டுப்போன சரக்குகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.
டர்பனில் துருவேறிய கம்பிச்சுருள்,
சிட்டகாங்கில் நனைந்த சர்க்கரை.
நாற்காலிக்குச் சக்கரம் இருப்பதால்
அச்சுப்பொறிக்கும் உருண்டே போகிறேன்.
ஜூலையில் பலதுறை மருந்தகத்தில் சொன்னார்கள்,
என் ரத்தத்திலும் கொஞ்சம் சர்க்கரை நனைந்திருக்கிறதென்று.

மூன்று மணி.
மணிக்கட்டு அதிர்ந்தது: எழுந்திரு.
எழுந்தேன்.
கனத்த கதவைத் தள்ளி உள்ளே போக
பின்னால் கிளிக்கென்றது.
கவனிக்கவில்லை.

பதினெட்டில் மூச்சு என்னை முந்திக்கொண்டது.
பத்தொன்பதில் முழங்கால் பேச ஆரம்பித்தது,
கெட்ட வார்த்தையாக.
இருபதில் நின்றேன்.
நெஞ்சுக்குள் யாரோ
அலமாரி நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தால்
கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடியே இல்லை.
இங்கிருந்து உள்ளே செல்ல இயலாது என
நான்கு மொழியில் எழுதியிருந்தது.
தமிழில் மட்டும் 'இயளாது'.
லண்டனோடு கூட்டம் மூணேகாலுக்கு.
கைப்பேசி மேசைமேல்.
அந்த அவசரத்திலும்
ளகரத்தைத் திருத்திக்கொண்டிருந்தது மனம்.

பதினாறாம் மாடித் திருப்பத்தில் ரோஹானா.
காலணியைக் கழற்றி
கவிழ்த்த வாளிமேல் பாதங்களை நீட்டியிருந்தார்.
விடியுமுன்னே ஜொகூரிலிருந்து
பாலம் தாண்டி வருகிறவர்.
என் அட்டை ஒரு கதவைத் திறக்கும்.
அவர் கழுத்திலிருப்பது
எல்லாக் கதவையும்.

என்னைப் பார்த்ததும்
சுவரைப் பிடித்து எழப் பார்த்தார்.
வீங்கிய கணுக்கால்.
வேண்டாம் வேண்டாம், சும்மா உடற்பயிற்சி என்றேன்.
"எனக்கு இன்றைக்கு
ஆறு மாடி முடிந்தது" என்று சிரித்தார்.
"இன்னும் ஐந்து."
அந்தப் பாதங்களைத் தாண்ட
சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில்,
நண்டுபோல இறங்கினேன்.

பிறகு எண்ணவில்லை.
எட்டாம் மாடியில் யாரோ விட்டுப்போன காப்பிப் பொட்டலம்.
நான்கில்
தொடை தன்பாட்டுக்கு நடுங்கியது.
கீழே கதவு பின்சந்தில் திறந்தது:
குப்பைத் தொட்டிகள், புகைபிடிக்கும் இரண்டு வங்கிக்காரர்கள்,
அமோய் ஸ்திரீட் பக்கமிருந்து
பொரித்த பூண்டு வாசம்.
வெயில் முகத்தில் அறைந்தது.
இப்படி ஒரு பிற்பகல்
தினமும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மின்தூக்கியில் ஏறி
நான்கு நிமிடம் தாமதமாகச் சேர்ந்தேன்.
ஏன் மூச்சு வாங்குகிறது, என்றது லண்டன்.
தீயணைப்பு ஒத்திகை என்றேன்.
கைக்கடிகாரம்
வாணவேடிக்கை காட்டியது.

மறுநாள் மூன்று மணிக்கு
கதவிடுக்கில்
சிட்டகாங் கோப்பைச் செருகிவிட்டுப் போனேன்.
பாவம், எட்டு மாதமாகப்
படுத்தே கிடக்கிறது,
அதுவும் கொஞ்சம் நிற்கட்டும்.