எட்டாவது வகை

ஒரு பெட்டிக்கு அறுபது பைசா.
பயணியின் பெட்டி இல்லை,
அதன் எக்ஸ்ரே படத்தில் கத்தியைச் சுற்றி
நான் இழுக்கும் செவ்வகம்.

நாகப்பட்டினத்தில் மருந்துக்கடை மாடி, நாலு கணினி,
சன்னலைத் திறந்தால் துறைமுகத்து மீன்வாடை.
ஆரஞ்சு என்றால் உணவு, துணி, காகிதம்.
நீலம் இரும்பு.
பச்சை இரண்டுங்கெட்டான்.
மூன்றே மாதத்தில் எனக்குப்
பனங்கட்டியும் சோப்புக்கட்டியும்
நிழலிலேயே பிரிந்து தெரிந்தன.

ஏழு வகை கொடுத்திருந்தார்கள்,
கைத்துப்பாக்கி முதல் 'பிற' வரை.
படம் சேர்த்த வரையில் ஒன்றுகூட
இந்தக் கரையில் கப்பல் ஏறவில்லை.
இயந்திரத்துக்குத் தீனி வேண்டுமே!
அமலோற்பவம் மேடம் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறி
நாற்பத்து மூன்று பொம்மைத் துப்பாக்கி வாங்கிவந்தார்.
ரசீதில் ஆராய்ச்சி உபகரணம் என்று எழுதச் சொன்னால்
"எத்தனை பிள்ளைங்கம்மா உங்களுக்கு?" என்றாராம் கடைக்காரர்.

நிதியா?
திறந்தாச்சு திறந்தாச்சு என்று பேப்பரில் வரும்.
டெல்லியில் மதகைத் தூக்கி
சென்னையில் முறை வைத்து
கல்லூரி தன் வயலுக்கு மடை மாற்றிக்கொண்டு
மிச்சம் துறை வாய்க்காலிலேயே ஊறிப்போய்...
நாங்கள் கடைமடை.
அப்பாவுக்குத் தண்ணீர் வருவதும்
எனக்குச் சம்பளம் வருவதும் ஒரே மாதிரி.
கணுக்கால் நனைந்தால்
வந்துவிட்டது என்று கணக்கு.

இரண்டாம் தவணைக்கு நிபந்தனை
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
எங்களுடையது தொண்ணூற்றொன்றில் படுத்துக்கொண்டது.
ஏனென்று எனக்குத் தெரியும்.
பாக்குவெட்டியைக் காட்டினாலும் கத்தி,
கதிர் அரிவாளைக் காட்டினாலும் கத்தி,
கத்தி கத்தி என்றே அது கத்தியது.
எட்டாவதாக ஒன்று சேர்க்கலாமா மேடம்,
வீட்டுச் சாமான் என்று?
அவர் விரல்விட்டு எண்ணினார்.
புது வகைக்குப் பத்தாயிரம் படம்.
பத்தாயிரம் படத்துக்கு இரண்டாம் தவணை.
இரண்டாம் தவணைக்குத் தொண்ணூற்றேழு.
"போய் உட்காரு, இலக்கியா."

செவ்வாய்க்கிழமை, கப்பல் நாள், அதிகாரிகள் வந்தார்கள்.
காங்கேசன்துறைக்கு எழுபது பேர் வரிசையில்,
எழுபத்தொன்றாவதாக எங்கள் டிரைவர் மரைக்காயர்,
அல்வா டப்பாவுக்கு அடியில்
நாங்களே வைத்த பீங்கான் கத்தியோடு.
பச்சை விளக்கு.
தாண்டிப் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.
அதிகாரிகளுக்கு அப்போதுதான் இளநீர் வந்திருந்தது.

அடுத்து ஒரு அம்மாள்.
சிவப்பு, கூடவே அலறல்.
கத்தி, தொண்ணூற்று நான்கு சதவீதம்.
யாரும் சொல்லாமலே
அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார்.
தூக்கியபடியே சொன்னார்,
"துருவலை, தம்பி. மகளுக்கு.
கும்பகோணத்தில வாங்கினனான்."
எங்கள் வீட்டில் அது தேங்காய்த் துருவி.
அதே பல், அதே மரக்கட்டை.
பையை மூடிக் கொடுத்து
"போதும்மா, இறக்குங்க" என்று காவலர் சொல்லும்வரை
கை இறங்கவில்லை.
எங்கே பழகிய கையோ.

"நல்ல விழிப்பு" என்றார் டெல்லிக்காரர்,
உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்து.
இரண்டாம் தவணைக்குப் பரிந்துரை
அங்கேயே கையெழுத்தானது.
மேடம் என்னைப் பார்க்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை,
ஆடிமாதத்துக் கடன் ஒன்று இருந்தது.

அன்று ராத்திரி மாடியில் தனியாக
இரண்டு படத்தையும் திறந்தேன்.
அல்வாவின் ஆரஞ்சுக்குள்
விரற்கடை அகலத்துக்கு ஒரு மங்கல்.
அதைச் சுற்றிச் செவ்வகம் இழுத்தேன்.
மற்றதில், பெயருக்கான கட்டத்தில்,
து ரு வ லை
என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

பட்டியலில் இல்லாத வகை, சேமிக்கவா என்றது.
ஆம் என்றேன்.
மறுபடி கேட்டது.
ஆம்.

மாதக் கடைசியில் பார்த்தேன்,
அந்த ஒரு ரூபாய் இருபது பைசா
கணக்கில் ஏறவில்லை.